எல்லாப் பாட்டும் எல்லோரும் செய்தது

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிற நண்பர்கள் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய புதுச்சேரிக் கதையும் இல்லை, பென்ஷன் விவகாரமும் இல்லை. இங்கிலாந்தின் 'ஜெனிசிஸ்' என்ற ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதப் போகிறேன். 1969 முதல் 1974 வரை வருடத்துக்கு ஒன்றாக அவர்கள் ஆறு தட்டுகள் வெளியிட்டார்கள். அந்த ஆறையும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் ஐம்பது வருடமாக ஒரு வாதம் நடத்தி வருகிறார்கள். அந்த வாதத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. "இந்த வயதில் உமக்கு எதற்கய்யா ராக்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தக் குழுவினருக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

எனக்கு இந்தத் தட்டுகள் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்சில் வேலை பார்க்கும் ஒரு 'சொல்தா' இருந்தார். விடுமுறையில் வரும்போது மற்ற வீட்டுக்காரர்கள் சென்ட், சாக்லேட் கொண்டுவருவார்கள். என் அத்தை மகன், எனக்கு நான்கு வயது மூத்த அத்தான், பெட்டியில் துணிகளுக்கு நடுவே எல்.பி. தட்டுகளை வைத்துக்கொண்டு வருவார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு ஆபீஸ் கோப்புகள் வழியாகப் பின்னால் வந்தது. ஆகவே ஜெனிசிஸ் பாடகர் என்ன சொல்கிறார் என்று அப்போது பாதிக்கு மேல் புரியாது. புரியாததால் பாடகருக்குத் தனி மரியாதை கொடுக்கவும் தோன்றவில்லை. ஐந்து பேர் வாசிக்கிறார்கள், அதில் அவர் குரலும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். என் கருத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜெனிசிஸ் வாசித்ததைப் 'புரோகிரசிவ் ராக்' என்பார்கள். மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை விட்டுவிட்டு, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீண்டு, மேற்கத்திய சாஸ்திரிய இசையின் சாயலோடு கதை சொல்லும் இசை. சார்ட்டர்ஹவுஸ் என்ற உறைவிடப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது. பீட்டர் கேப்ரியல் பாட்டு, டோனி பேங்க்ஸ் ஆர்கன், மைக் ரதர்ஃபோர்டு, ஆண்டனி பிலிப்ஸ் இருவரும் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்.

முதல் தட்டு 1969-ல் வந்தபோது சுமார் 650 பிரதிதான் விற்றதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கருப்பு உறை, அதில் தங்க எழுத்தில் 'ஃப்ரம் ஜெனிசிஸ் டு ரெவலேஷன்' என்ற தலைப்பு மட்டும். பைபிளின் முதல் ஆகமத்தின் பெயரும் கடைசி ஆகமத்தின் பெயரும் சேர்ந்த தலைப்பு. சில கடைக்காரர்கள் அதை மதப் பாடல்கள் பகுதியில் வைத்துவிட்டார்கள். அடுத்தது 'ட்ரெஸ்பாஸ்', 1970. அதோடு பிலிப்ஸ் விலகினார். மேடை ஏறினாலே அவருக்குப் பயம், உடல்நிலையும் சரியில்லை. அதே வருடம் டிரம்ஸுக்குப் பில் காலின்ஸ் வந்தார். சில மாதங்களில், 1971 தொடக்கத்துக்குள், கிட்டாருக்கு ஸ்டீவ் ஹேக்கெட் வந்தார். இந்த ஐந்து பேர்தான் 'நர்சரி க்ரைம்' (1971), 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972), 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' (1973), 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) ஆகிய நான்கையும் செய்தவர்கள். 1975-ல் கேப்ரியல் விலகினார். 1977-ல் ஹேக்கெட் விலகினார். மீதி மூன்று பேர் எண்பதுகளில் உலகம் முழுவதும் விற்ற பாட்டுகளைப் போட்டார்கள்.

இனி ரசிகர்களின் வாதத்துக்கு வருவோம். ஒரு கட்சி, "கேப்ரியல் போனதோடு ஜெனிசிஸ் முடிந்தது" என்கிறது. இன்னொரு கட்சி, "இல்லை, ஹேக்கெட் போனபோதுதான் உயிர் போனது" என்கிறது. மூன்றாவது கட்சி எண்ணிக்கையில் சிறியது, பிடிவாதத்தில் பெரியது. "பிலிப்ஸ் இருந்த ட்ரெஸ்பாஸ்தான் உண்மையான ஜெனிசிஸ், பிறகு வந்ததெல்லாம் அதன் நிழல்" என்பார்கள். டோனி பேங்க்ஸ்தான் எல்லாவற்றுக்கும் மூளை என்று ஒரு நான்காவது கட்சியும் உண்டு. என் அத்தான் முதல் கட்சியின் ஆயுட்கால உறுப்பினர். இப்போது துலோனில் ஓய்வாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் நலம் விசாரித்து முடித்ததும் இதைத்தான் ஆரம்பிப்பார். விஸ்வநாதன் - ராமமூர்த்தி பிரிந்த பிறகு, எந்த மெட்டு யாருடையது என்று நம் திண்ணைகளில் நடந்த சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சண்டைதான், பாஷை மட்டும் வேறு.

என் கருத்து இதுதான். கிரீடம் யாருக்கு என்று தேடுகிற வாதம் எல்லாம் வீண். ஆனால் விடுபட்ட பெயரைத் தேடுகிற வாதம் அவசியம். இரண்டையும் ஒரே வாதம் என்று நினைப்பதுதான் ரசிகர்களின் குழப்பம்.

முதல் பாதிக்குச் சாட்சி தட்டின் உறையிலேயே இருக்கிறது. 'ஃபாக்ஸ்ட்ராட்' உறையில், இந்தப் பாட்டு இவர் எழுதியது, அந்தப் பாட்டு அவர் எழுதியது என்று பிரித்துப் போடவில்லை. எல்லாம் எல்லோரும் செய்தது என்று ஒரே வரி. ஆறு தட்டுகளிலும் இதுதான் முறை. பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகப் பெயர் போடும் வழக்கம், கேப்ரியல் போன பிறகு 1976-ல் 'எ ட்ரிக் ஆஃப் தி டெய்ல்' தட்டில்தான் தொடங்கியது.

இருபது வயதில் இருந்த பையன்கள் ஏன் அப்படி எழுதினார்கள்? அடக்கம் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் இசை செய்த விதமே அப்படி. 1969-70 குளிர்காலத்தில், லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் ஊருக்கு அருகே, நண்பர் ரிச்சர்ட் மெக்பெய்லின் பெற்றோருக்குச் சொந்தமான ஒரு குடிசை வீட்டில் மாதக்கணக்கில் தங்கி, காலை முதல் இரவு வரை வாசித்தார்கள். மெக்பெய்ல் சமைத்துப் போட்டார், வண்டி ஓட்டினார், சாமான் தூக்கினார். அங்கே உருவானதுதான் 'ட்ரெஸ்பாஸ்'. ஒருவர் கொண்டுவந்த துண்டு, இன்னொருவர் கொண்டுவந்த துண்டோடு ஒட்டப்பட்டு, மூன்றாமவரின் தாளத்தில் வேறொன்றாக மாறும். அதைத் திரும்பப் பிரித்து எடை போட முடியாது.

ஓர் உதாரணம் போதும். 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டின் கடைசியில் 'சப்பர்ஸ் ரெடி' என்று ஏறக்குறைய 23 நிமிடப் பாட்டு ஒன்று உண்டு, ஏழு பகுதிகள். அதன் ஆறாவது பகுதியில் ரதர்ஃபோர்டும் காலின்சும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு தாளத்தைப் பிடிக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் சங்கீர்ணம். அதன் மேல் பேங்க்ஸ் ஆர்கன் வாசிக்கிறார். தாளம் ஒன்பதிலேயே நிற்க, ஆர்கன் அதில் அடங்காமல் தன் வழியில் மேலே ஏறிக்கொண்டே போகும். அது முழுவதும் தன்னுடைய இடம் என்று பேங்க்ஸ் நினைத்திருந்தார். அந்த உச்சத்தில் திடீரென்று கேப்ரியல் பாட ஆரம்பித்துவிட்டார். பேங்க்சுக்கு முதலில் கோபம். கொஞ்ச நேரம் கேட்டதும், இதுதான் சரி என்று புரிந்துவிட்டது. இதை அவரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இடம் யாருடையது? ஒன்பதைப் பிடித்தவர்களுடையதா, அதன் மேல் ஏறியவருடையதா, குறுக்கே பாய்ந்தவருடையதா? அத்தானிடம் இதைக் கேட்டேன். "கேப்ரியல் பாயாவிட்டால் அது வெறும் ஆர்கன் பாடம்" என்றார். "ஆர்கன் ஏறாவிட்டால் அவர் எங்கே இருந்து பாய்வார்?" என்றேன். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

காலின்சைப் பற்றிச் சொல்வதும் இப்படித்தான். "டிரம்ஸ் அடித்தவர் மைக்கைப் பிடித்ததும் குழு கெட்டது" என்பது பழைய ரசிகர்களின் மந்திரம். 1971-ன் 'நர்சரி க்ரைம்' தட்டில் 'ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற இரண்டு நிமிடப் பாட்டைப் பாடுவது காலின்ஸ்தான். அவர் சேர்ந்த பிறகு வந்த முதல் தட்டு அது. யாரும் அதைத் துரோகம் என்று சொன்னதில்லை. பலர் கவனித்ததே இல்லை. கிரீடத்தைத் தேடுகிற காதுக்கு இப்படிச் சின்ன விஷயங்கள் விழாது.

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் எல்லோரும் செய்தது என்று விட்டுவிடலாமே, எதற்கு வாதம்?" என்று கேட்கலாம். விட முடியாது. காரணத்தைச் சொல்ல, நான் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் போக வேண்டும்.

அரசு அலுவலகக் கோப்பில் இரண்டு பகுதி உண்டு என்பது நம் நண்பர்கள் பலருக்குத் தெரியும். வெளியே போகும் கடிதத்தில் அதிகாரி ஒருவர் கையெழுத்து மட்டும் இருக்கும். உள்ளே குறிப்புத் தாளில், விஷயத்தை முதலில் எழுதி வைத்த எழுத்தர் முதல் எல்லோருடைய சுருக்கொப்பமும் தேதியோடு இருக்கும். எழுத்தர் மாற்றலாகிப் போயிருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். பத்து வருடம் கழித்து ஒருவர் கோப்பைப் பிரித்தாலும் முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் அவர் ஒப்பம் இருக்கும். நான் எழுதிய எத்தனையோ வரைவுகள் வேறொருவர் பெயரில் போயின. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, ஏனென்றால் குறிப்புத் தாள் இருந்தது.

எல்லோரும் செய்தது என்ற வரியில் உள்ள குறை இதுதான். அந்த 'எல்லோரும்' என்பது, உறை அச்சாகும் நாளில் உள்ளே இருப்பவர்களை மட்டும் குறிக்கிறது. 'நர்சரி க்ரைம்' தட்டின் முதல் பாட்டு 'தி மியூசிகல் பாக்ஸ்', பத்து நிமிடத்துக்கு மேல். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது. அதன் கரு, விலகிப்போன பிலிப்சும் ரதர்ஃபோர்டும் சேர்ந்து கிட்டாரில் உருவாக்கிய ஒரு துண்டு. 1970 தொடக்கத்தில் பிபிசி படம் ஒன்றுக்காகக் குழு பதிவு செய்த இசையில் அது இருக்கிறது. 2008-ல் வந்த தொகுப்பில் அதை யாரும் கேட்கலாம். ஆனால் பாட்டைச் செய்தவர்கள் பட்டியலில் பிலிப்ஸ் பெயர் இல்லை. பிலிப்சுக்கும் ஹேக்கெட்டுக்கும் நடுவே சில மாதங்கள் கிட்டார் வாசித்த மிக் பர்னார்டு என்பவர் பெயரும் இல்லை. அவரும் அந்தப் பாட்டுக்குப் பங்களித்ததாகப் பேங்க்சே சொல்லியிருக்கிறார். 2010-ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஜெனிசிஸைச் சேர்த்துக்கொண்டபோது ஐந்து பெயர்களைத்தான் எழுதியது. அதிலும் பிலிப்ஸ் இல்லை. இரண்டு தட்டுகளில் வாசித்தவர், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அந்தப் பன்னிரண்டு தந்தி கிட்டார் நாதத்தை அவர்களுக்குப் பழக்கியவர்.

இந்த இடத்தில்தான் ரசிகர்களின் வாதம் மதிப்புப் பெறுகிறது. பிலிப்சின் பங்கை ஐம்பது வருடம் விடாமல் பேசி நினைவில் வைத்தவர்கள், பெரும்பாலும் அந்த மூன்றாவது சிறு கட்சிக்காரர்கள். பழைய பேட்டிகளைத் தேடி, பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு, இந்தத் துண்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டினார்கள். குறிப்புத் தாளைப் பத்திரப்படுத்திய வேலை அது. ஆனால் அதே ஆட்கள் அங்கே நிற்காமல், "ஆகவே பிலிப்ஸ்தான் ஜெனிசிஸ்" என்று ஒரு படி தாண்டும்போது, மற்ற நான்கு பேரின் ஒப்பத்தை அவர்களே அழிக்கிறார்கள்.

என் பேரன் வயதுப் பிள்ளைகள் இப்போது போனிலேயே இந்தத் தட்டுகளைக் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று பெரியவர்களைக் கேட்டால், முதலில் கிடைப்பது கட்சிச் சண்டை. "இதைக் கேள், அதைத் தொடாதே." அந்தப் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறார்கள். இழப்பு நமக்குத்தான். நாம் காதில் வைத்துக் காப்பாற்றியதை வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆள் இருக்காது.

யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது: தரவரிசையைப் பார்க்காதே. 'ட்ரெஸ்பாஸ்' தொடங்கி 'லாம்ப்' வரை வருட வரிசையில் ஐந்தையும் கேள். கேட்டு முடித்த பிறகு, விற்காமல் போன அந்த முதல் தட்டுக்குப் போ. பள்ளியை விட்ட கையோடு பையன்கள் வாசித்தது, மேலே பின்னால் சேர்த்த வயலின்கள் வேறு, இசை கொஞ்சம் தடுமாறும். ஆனால் ஐந்து தட்டுகளைக் கேட்ட காதுக்கு அதில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உறையில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதை அத்தானுக்கும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அடுத்த வாரம் அவர் கட்சியின் வாதத்தையும், நியாயத்துக்காக, இங்கேயே போடுகிறேன்.