எடைக்குப் போன மாயாவி

எருமப்பட்டியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நேரம். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், மகன் சிறுவனாயிருந்தபோது சேர்த்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள் அடுக்கடுக்காய் இருந்தன. பழைய பேப்பர்காரரின் தராசு வாசலில் காத்திருந்தது. "பசங்களைக் கெடுத்த குப்பைங்க, போகட்டும்" என்றார் நண்பர். "இவற்றில் ஒன்றையாவது படித்ததுண்டா?" என்று வினவினோம். "இதையெல்லாம் பெரியவங்க யாருங்க படிப்பாங்க?" என்று சிரித்தார்.

படிக்காமலே குற்றச்சாட்டு, படிக்காமலே தீர்ப்பு! ஆனால் நண்பரை மட்டும் நொந்து பயனில்லை. நம் திறனாய்வாளர்களும் இதைத்தானே செய்துவந்தனர்? சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தோன்றியது. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த ராணி காமிக்ஸ் 2005 வரை நீடித்தது. பாடநூலுக்கு வெளியே பலர் முதன்முதலாக விரும்பிப் படித்தவை இவையே. ஆயினும் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் இவற்றுக்கு ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. சிறுகதைக்கு இலக்கணம் வகுத்தோரும், புதுக்கவிதைக்காகப் போர் தொடுத்தோரும், படக்கதை என்றதும் "சிறுபிள்ளை விளையாட்டு" என்று ஒதுங்கிக்கொண்டனர்.

படித்திருந்தால் என்ன கண்டிருப்பர்? முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த பாத்திரம் இது. விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பெற்ற ஒரு மனிதன். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும். தொடக்கத்தில் அவன் குற்றம் புரிகிறான். பின்னரே திருந்தி நீதிக்காக உழைக்கிறான். யாரும் காணாத வேளையில் மனிதன் எப்படி நடந்துகொள்வான்? இது சிறுபிள்ளைக் கேள்வியா? ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம பரிசோதனை செய்யும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியன்றோ!

கண்டிக்க வேண்டியதையும் கண்டிருப்பர். லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரரை 'வேதாளர்' என்று நம் வாசகர் அறிவர். காட்டில் வாழும் கறுப்பின மக்களைக் காத்து நீதி வழங்க, வெள்ளையர் ஒருவரே வழிவழியாக வந்தாக வேண்டும் என்பது அக்கதையின் அடித்தளம். இந்த ஆதிக்க எண்ணத்தை நம் பிள்ளைகள் வியந்து பருகியபோது எச்சரித்தவர் எத்தனை பேர்? "கண் கெடும், படிப்புக் கெடும்" என்று ஓலமிட்டோமேயன்றி, உள்ளத்தில் எது கெடும் என்று பார்த்தோமில்லை.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1948-இல், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களைக் கொண்டே படக்கதை நூல்களைத் தீயிலிட்டனர். அதே நாட்டில், 1946 முதல் 1972 வரை, 'டிரெஷர் செஸ்ட்' என்னும் படக்கதை இதழைத் தம் பள்ளிகள் வழியே பரப்பியவர்களும் கத்தோலிக்கரே. 1964-இல் அவ்விதழ், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவரின் கதையைத் தொடராக வெளியிட்டது. அவர் முகத்தைக் கடைசி வரை மறைத்துவைத்து, இறுதியில் அவர் கறுப்பினத்தவர் என்று காட்டியது. எரித்தவர்கள் விட்டுச் சென்றது சாம்பல். வரைந்தவர்கள் விட்டுச் சென்றது, 44 ஆண்டுகளுக்குப் பின் நனவான ஒரு கனவு.

நம் மரபையே எண்ணிப் பார்ப்போம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். எளியோர் சிரித்து மகிழ எழுதுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. தவக்காலந்தோறும் நம் கோவில் சுவர்களில் உள்ள 14 நிலைகளின் முன் மண்டியிடுகிறோம். படம் படமாக நகரும் கதையன்றி வேறென்ன அது? படத்தால் கதை சொல்வது தாழ்வென்றால், அச்சுவர்களை வெறுமையாக்கத் துணிவோமா?

"அட்டையில் துப்பாக்கியும் அரைகுறை ஆடையும்தானே" என்பீர்கள். பல இதழ்களில் அவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மட்டமான நாவல் ஒன்றைக் காட்டி, நாவல் என்னும் வடிவத்தையே எவரும் விலக்குவதில்லை. யூத இனப்படுகொலையைப் பூனை, எலி உருவங்களில் வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதுவும் படக்கதையே. மறுபுறம், தாம் சிறுவயதில் நேசித்ததை யாரும் குறை சொல்லலாகாது என்று சினக்கும் இரசிகர்களும் திறனாய்வுக்குத் துணை நிற்கவில்லை. குருட்டு வெறுப்பும் குருட்டுப் பற்றும் நூலை எடைபோடுவதில்லை.

சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டு ஏடு, நல்லதைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பைப் படிப்போரிடமும் பார்ப்போரிடமும் ஒப்படைக்கிறது. படிக்காதவர் எதைத் தேர்வார்? பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ளதைப் பிடுங்குமுன் அருகில் அமர்ந்து ஒருமுறை படியுங்கள். திறனாய்வாளர்களே, படக்கதைக்கும் மதிப்புரை எழுதுங்கள். நல்லதை நல்லதென்றும், நஞ்சை நஞ்சென்றும் சான்றோடு சொல்லுங்கள்.

அன்று அந்தப் பெட்டியிலிருந்து ஓர் இதழை மட்டும் கேட்டுப் பெற்றோம். மற்றவை எடைக்குப் போயின. காகிதத்தின் எடையைத் தராசு சொல்லிவிட்டது. கதையின் எடையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.