கதவைக் கழற்றி வைப்பதா பழுதுபார்ப்பது?



கடந்த வாரம் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு மேசைக்கணினி, படிப்பறையில் ஒரு மடிக்கணினி. மேசைக்கணினியில் உள்ள பயிற்றுத்தாள்களை மடிக்கணினியிலிருந்து திறந்து வேலை செய்வது அவருடைய வழக்கம். முந்தைய நாள்வரை முடிந்தது, அன்று முடியவில்லை.

"கடையில கேட்டேன் டீச்சர். ஃபயர்வால அடைச்சிட்டு, பாஸ்வர்டையும் எடுத்துட்டா சரியாயிடும்னு சொன்னாங்க. செஞ்சிடட்டுமா?"

"வேண்டாம்!" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்த நாட்டில் வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு தடைபட்டால், யாரைக் கேட்டாலும் இதே மருந்துச்சீட்டுத்தான் கிடைக்கிறது. கடைக்காரரும் இதையே சொல்கிறார், புலனக் குழுவில் வரும் காணொளியும் இதையே சொல்கிறது, 'கணினி தெரிந்த' உறவினரும் இதையே சொல்கிறார். தீயரணை நிறுத்து! கடவுச்சொல்லை எடு! 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடு! பூட்டில் சாவி திரும்பவில்லை என்று ஆள் கூப்பிட்டால், வந்தவர் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனிமேல் பிரச்சினை இல்லை" என்று கூலி கேட்பது போன்றது இது. இதைப் பழுதுபார்த்தல் என்று அழைப்பதை நான் மறுக்கிறேன்.

இவ்வளவு சினம் ஏன் என்று கேட்பீர்கள். நானே பட்டவள் என்பதால்தான்.

2022ஆம் ஆண்டின் நடுவில் எங்கள் வீட்டில் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். மறுநாளே மடிக்கணினிக்கு மேசைக்கணினி தெரியவில்லை. கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, 60 வெள்ளி பெற்றுக்கொண்டார். கோப்புகள் மின்னல் வேகத்தில் திறந்தன. நானும் மகிழ்ந்தேன். என்ன செய்தார் என்று கேட்கவில்லை. அது என் பிழை.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு உறவினர் பலர் வந்திருந்தனர். வந்தவர்களுக்கெல்லாம் வைஃபை கடவுச்சொல்லை எழுதிக் கொடுப்பது இப்போது முறுக்கு கொடுப்பதுபோல் ஒரு விருந்தோம்பலாகிவிட்டது. என் அண்ணன் மகன் தன் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தான். "அத்தை, உங்க வகுப்புப் பிள்ளைங்க பேரெல்லாம் என் கம்ப்யூட்டர்ல தெரியுது!" என்றான்.

ஓடிச் சென்று பார்த்தேன். மாணவர் பெயர்ப் பட்டியல், அடையாள எண்கள், வீட்டு முகவரிகள், உதவித்தொகைக்காகப் பெற்றோர் தந்த வருமான விவரங்கள்... எல்லாம் இருந்தன. அவற்றோடு, ஒரு மாணவியின் குடும்பச் சூழலைப் பற்றி நான் எனக்காக மட்டும் எழுதி வைத்திருந்த குறிப்பும் இருந்தது. அச்சிறுமி என்னை நம்பிச் சொன்னவை அவை. அண்ணன் மகன் நல்ல பிள்ளை, நான் சொல்லும் முன்பே மூடிவிட்டான். ஆனால் அன்று வீட்டில் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களுள் எத்தனைப் பேரின் கருவிகளுக்கு அந்தக் கோப்புறை திறந்து கிடந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நம் நாட்டு அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஒரு குழந்தையின் எண்ணும் முகவரியும் சேர்ந்து வெளியே போனால் என்னவெல்லாம் போகின்றன என்பதைப் பெற்றோர்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பழுது என்று எதுவுமே இல்லை! ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதனைப் புதிய வலையமைப்பு என்று கருதியது. முன்பின் தெரியாத வலையமைப்பை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டது. உணவகத்திலோ விமான நிலையத்திலோ இருப்பதுபோல் எண்ணித் தன்னை மறைத்துக்கொண்டது. அது தன் கடமையைச் செய்தது. அமைப்புகளுக்குள் சென்று, அந்த இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றியிருந்தால் போதும். ஒரே ஒரு சொடுக்கு! அந்த இளைஞர் அதைப் பார்க்கவே இல்லை. தீயரணை நிறுத்தினார், கடவுச்சொல் காப்பை எடுத்தார், 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று எழுதி வைத்தார். அதன் பொருள், வீட்டு வலையமைப்பில் நுழையும் எவரும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம் என்பதே. விருந்தினரின் கணினியில் பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று இருந்திருந்தால், அது என் கோப்புறைக்குள்ளும் வந்து பூட்டிவிட்டுப் போயிருக்கும்.

முறையாகத் தேடுவது கடினமா? நான்காம் ஆண்டு மாணவன் கழித்தல் கணக்கில் எங்கே பிழைத்தான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? வரி வரியாகப் பின்னோக்கிப் போகிறோம் அல்லவா? இங்கும் அதேதான்.

முதலில், இரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் தாமான் வீடுகளில் கீழ்த்தளத்தில் சேவை நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்று இருக்கும். மாடிக்கு அலை எட்டவில்லை என்று இன்னொன்றை நாமே வாங்கி மாட்டியிருப்போம். இரண்டும் தனித்தனி வலையமைப்பை நடத்திக்கொண்டிருக்கும். வலையமைப்பு அமைப்புகளில் இரண்டு கணினிகளின் முகவரிகளையும் பாருங்கள். ஒன்று 192.168.0 என்றும் மற்றொன்று 192.168.1 என்றும் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒன்று விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் இப்படித்தான், விருந்தினர் வைஃபை என்பதே பிற கருவிகளைக் காண விடாமல் செய்வதற்காக உள்ளது. இங்கே தீயரணை நிறுத்தி என்ன பயன்? கீழ்வீட்டு வாசலைத் திறந்து வைத்தால் மேல்வீட்டு மாடிப்படி முளைத்துவிடுமா?

அடுத்து, மேலே சொன்ன 'பப்ளிக்', 'பிரைவேட்' பார்வை. பிறகு, பெயரால் அழைப்பதை விட்டு எண்ணால் அழைத்துப் பாருங்கள். கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளிட்டு மற்றக் கணினியின் எண்ணை எழுதுங்கள், \\192.168.1.20 என்பதுபோல. திறந்துவிட்டால் பகிர்வில் குறையில்லை, பெயரைக் கண்டுபிடிக்கும் பகுதியில்தான் குறை. 'ஃபங்க்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்றொரு சேவை இருக்கிறது. மேசைக்கணினியில் அது நின்று போயிருந்தால் பட்டியலில் கணினியின் பெயர் வராது. அதை மீண்டும் ஓடவிட்டால் வந்துவிடும்.

நம்மில் பெரும்பாலோர் இடறி விழுவது கடவுச்சொல்லில். பயனர் பெயர் கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது, நாமும் தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்க 'பின்' எண்ணைக் கொடுக்கிறோம். தவறு என்கிறது. மீண்டும் கொடுக்கிறோம். மீண்டும் தவறு! அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பின் வழியே நுழைய அது செல்லாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். பலருக்கு அதை வைத்த ஆண்டே மறந்துபோயிருக்கும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு என்றால், விண்டோஸ் இயல்பாகவே அதை வலையமைப்பு வழியே உள்ளே விடாது. இதற்கு எளிய வழி, மேசைக்கணினியில் பகிர்வுக்கென்றே ஓர் உள்ளகக் கணக்கைத் தொடங்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் ஒன்றை வைத்து, குறிப்பிட்ட ஒரு கோப்புறைக்கு மட்டும் அதற்கு உரிமை தருவது. மடிக்கணினியில் ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னால் பிறகு அது கேட்காது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகு தகராறு வந்தால், 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் பழையது தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்தும் கோப்பு திறக்கவில்லையா? பகிர்வுக்கான உரிமை வேறு, கோப்புறைக்கான உரிமை வேறு. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும்.

தீயரணைத் தொடவே கூடாதா என்றால், சோதனைக்காக ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. மருத்துவர் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார், பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறார். அவிழ்த்த கட்டோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு இந்தத் தீய வழக்கம் இன்னும் மோசமாகிவிட்டது. அப்பதிப்பின் 'ப்ரோ' வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்பட்டுள்ளது. வலையமைப்பில் செல்லும் கோப்புப் பரிமாற்றத்திற்குக் கையொப்பமும் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் பழைய முறையில் திறந்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கதவு சாத்திக்கொண்டது. திரையில் வரும் செய்தியோ, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது என்கிறது. என் வீட்டுச் சமையலறைப் பக்கத்து மேசை எப்போது நிறுவனமாயிற்று என்று நானும் விழித்தேன். செய்தியை எழுதியவர்கள்மீது எனக்கும் வழக்கு உண்டு. ஆனால் காணொளிகள் என்ன கற்றுக்கொடுக்கின்றன? அந்தக் காப்பை நீக்கப் பதிவேட்டில் எதை மாற்றுவது என்று! ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கொடியது 'எஸ்எம்பி 1'. கோப்புப் பகிர்வுக்குக் கணினிகள் பேசிக்கொள்ளும் மொழியின் மிகப் பழைய வடிவம் அது. அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்டில் அப்பிரிவைக் கவனித்த நெட் பைல் என்பவரே 2016இல் வெளிப்படையாக எழுதினார். 2017 மார்ச் 14ஆம் நாள் அதன் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளிவந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள் மே 12ஆம் நாள் பாடம் கற்றார்கள். வான்னாகிரை என்னும் நச்சுநிரல் அந்த ஓட்டை வழியே கணினிவிட்டுக் கணினி தாவி, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய மொழி சேர்க்கப்படுவதில்லை. இன்றும் நம் புலனக் குழுக்களில், "எஸ்எம்பி 1ஐத் தட்டி விடுங்கள், வேலை செய்யும்" என்று ஒருவர் எழுத, கீழே இருபது பேர் கைகூப்பி நன்றி சொல்கிறார்கள்! அதுவும் எத்தகைய கணினியில்? 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 10 கணினியில்.

"வீட்டுக்குள் யார் டீச்சர் வரப்போகிறார்கள்?" என்பார்கள். வீட்டு வலையமைப்பில் இப்போது நாம் மட்டுமா இருக்கிறோம்? பிள்ளைகளின் கைப்பேசி, மலிவாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி, வாசல் நிழற்படக்கருவி, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்த கடவுச்சொல் என்று எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன.

"எல்லாவற்றையும் மேகக் கணிமையில் வைத்துவிடலாமே" என்பது இன்னொரு வாதம். நல்லதே. 2020இல் வந்த டெலிமா தளத்தின் வழி ஆசிரியர்களுக்குக் கணக்கு இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கேயும் நம் கை எதைத் தேடிப் போகிறது? 'இணைப்பை வைத்திருக்கும் எவரும்' என்ற தெரிவைத்தானே! இணைப்பைக் குழுவில் போடுகிறோம், குழுவிலிருந்து அது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. இடம் மாறினாலும் நோய் மாறவில்லை.

சட்டம் நம்மைக் கேட்குமா என்றால், 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே பெற்றோர் நம்மிடம் எழுதிக் கொடுத்த ஒரு தாளுக்கு, நம் கவனத்தைத் தவிர வேறு காவல் அதிகம் இல்லை. பெற்றோர்களே, நீங்களும் அடுத்தமுறை பாரம் நிரப்பும்போது, "இது எங்கே வைக்கப்படும்?" என்று எங்களைக் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, அந்த ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முகவரிகள் ஒன்றாகவே தொடங்கின. இணைப்பு 'பிரைவேட்' என்றுதான் இருந்தது. எண்ணைக் கொடுத்ததும் கடவுச்சொல் கேட்டது. முந்தைய வாரம் அவர் மகள் மேசைக்கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறாள், மடிக்கணினி பழையதையே கொடுத்துக்கொண்டிருந்தது. பழையதை அழித்துப் புதியதைக் கொடுத்தோம். திறந்துகொண்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதில் பாதி மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கடவுச்சொல்லைக் கேட்ட நேரம்.

பிறகு, பகிர்ந்த கோப்புறையில் மாணவர் விவரங்கள் ஏதும் இருக்கின்றனவா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் பள்ளி உணவகத்தில் என்னைக் கண்டதும், "2019லேர்ந்து இருக்குது டீச்சர்" என்றார்.