அதிவேக இணையமும் அசையாத கிராமமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக நாட்டின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, கல்வி இனி இணையத்தின் வழியே தொடரும் என அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் சிற்றூரிலே அவ்வறிவிப்பை நிறைவேற்ற வேண்டியிருந்த ஆசிரியையும் மாணவரும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சியிலேறி, அங்கே கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் பாடங்களை அனுப்பியும் பெற்றும் வந்தனர். லுணுகலைப் பகுதியிலோ பிள்ளைகள் பெற்றோரின் துணையோடு காட்டினுட் சென்று, மரத்தின்மேற் கட்டிய பரணில் இருந்து படித்தனர். 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் இவற்றைப் படம்பிடித்து உலகெங்கும் அனுப்பின. அப்படங்களைக் கண்ட நகரத்துப் பெரியோர் பலர் பிள்ளைகளின் கல்வித் தாகத்தை மெச்சினர். தாகத்தை மெச்சியவர் எவரும் தண்ணீர் ஏன் இல்லை எனக் கேட்டிலர்.

அக்கேள்வியை இப்போதாவது கேட்டாக வேண்டும். அரசு கிராமங்களை மறந்துவிட்டது எனப் பதில் கூறுவது எளிது. ஆனால் அஃது உண்மையன்று. மறந்திருப்பின் மன்னிக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது கிராமங்களை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தினால் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் 'இ-ஸ்ரீலங்கா' என்ற பெயரிலே உலக வங்கியிடம் 53 மில்லியன் டொலர் கடன் பெறப்பட்டது. சிங்களத்தில் 'நெனசல' எனவும் தமிழில் 'அறிவகம்' எனவும் வழங்கிய கணினி நிலையங்கள் நூற்றுக்கணக்கிலே விகாரைகளிலும் சனசமூக நிலையங்களிலும் திறக்கப்பட்டன.

அறிவகத் திட்டத்தை முற்றாக இகழ்வதற்கு நான் ஒருப்படேன். கணினியைக் கண்ணாற் காணாத ஊர்களிற் பல இளைஞர் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டது அந்நிலையங்களிலேயே. 2014இல் பில் - மெலிண்டா கேற்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர்ப் பரிசு அதற்குக் கிடைத்தமையும் பொருத்தமே. ஆயினும் அத்திட்டத்தின் அடியிலே ஒரு நினைப்பு இருந்தது. இணைப்புக்கான மானியம் சில காலம் மட்டுமே. அதன்பின் நிலையத்தை நடத்துபவர் தம் வருவாயைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அது. கிராமத்து நூலகர் நூல் இரவல் கொடுத்துத் தம் சம்பளத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமென எந்த அரசும் சொன்னதில்லை. இணையத்தின் விடயத்தில் மட்டும் அது முன்னேற்றமான சிந்தனை எனப்பட்டது. ஒளிப்பிரதி எடுத்தும் அடையாள அட்டைப் படம் பிடித்தும் பிழைத்த நிலையங்கள் பிழைத்தன. ஏனையவற்றிலே கணினிகள் பழுதடைந்தன, கதவு பூட்டப்பட்டது.

அதன்பின் வானத்திலிருந்து விடிவு வரும் என்றனர். 2015 யூலையில் கூகிள் நிறுவனத்தின் 'லூன்' பலூன்களுக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சில மாதங்களுள் நாட்டின் ஒவ்வோர் அங்குலமும் இணையத்தால் மூடப்படும் என மேடைகளிலே முழங்கினர். 2016 பெப்ரவரியில் ஒரு சோதனைப் பலூன் வந்தது. அது கம்பளைப் பகுதியிலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதும், ஊரவர் கண்டு பொலிசாருக்கு அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். மலையகத் தோட்டங்களுக்கு அதிவேக இணையம் வந்து சேர்ந்த வரலாற்றிலே உருப்படியாக வந்து சேர்ந்தது அந்தப் பலூன் ஒன்றுதான் என நண்பரொருவர் சொல்வதுண்டு. 2021 சனவரியில் நிறுவனம் லூன் திட்டத்தையே மூடிவிட்டது. பிள்ளைகள் பாறையிலேறியதும் அதே ஆண்டிலேதான்.

பின்னர்த் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 'கமட்ட சன்னிவேதனய' என்னும் திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கியது. கோபுரங்கள் சில எழுந்தன. எழுந்ததை மறுக்கவில்லை. எனது வழக்கு கோபுரத்தின்மேல் அன்று. கோபுரத்தை எண்ணுவதே வேலையெனக் கருதும் மனப்பான்மையின்மேல்.

அம்மனப்பான்மை எவ்வாறு ஒரு மாணவியின் வாழ்வைத் தொடுகின்றது என்பதை யானே கண்டேன். 2020இல் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் 'லேர்ண்' எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பினூடாக நடைபெற்றன. அவ்வழியே படிக்கும் மாணவருக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாவை இலவசமாக்கின. நல்ல காரியம், நாமெல்லாம் கைதட்டினோம். என் வகுப்பிலே மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். முதற் பத்து நிமிடங்களுக்குள் அவள் பெயர் திரையிலிருந்து மறையும், மீண்டும் தோன்றும், மறையும். வரவுப் பதிவு தானியங்கியாகவே நடந்தது. எண்பது வீதத்துக்குக் குறைந்தவர் பட்டியலில் அவள் பெயர் வந்தது, நானும் கையொப்பமிட்டேன். பின்னர் அவள் எழுதிய கடிதத்திலேதான், லயத்திலிருந்து பிரதான வீதி வரை இறங்கி வந்து, மூடிய கடையொன்றின் திண்ணையிலிருந்து விரிவுரை கேட்டாள் என்பதையும், மழை வந்தாலும் இருட்டினாலும் திரும்பிவிட வேண்டியிருந்தது என்பதையும் அறிந்தேன். இலவசமாக்கப்பட்டது எதுவோ அது அவள் வீட்டுக்கு வரவேயில்லை. இல்லாத பண்டத்தை இலவசமாக வழங்குவது போன்ற தருமம் உலகில் வேறில்லை.

அவளுடைய தோட்டம் நிறுவனங்களின் படத்திலே நிறம் பூசப்பட்ட பகுதிதான். இங்கேதான் ஏமாற்றின் வேர் இருக்கின்றது. 'நாலாந் தலைமுறைப் பரம்பல்' என்று வரையும்போது அலை எட்டுகின்றதா என்பது மட்டுமே கணிக்கப்படுகின்றது. ஆயின் ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதன் கீழுள்ள பாவனையாளர் அனைவருக்கும் பொது. மாலை எட்டு மணிக்கு எல்லோரும் தொலைபேசியைத் திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொட்டே. அக்கோபுரம் ஒளியிழையோடு இணைக்கப்படாமல் நுண்ணலை வழியே இன்னொரு கோபுரத்திலிருந்து கடன்வாங்கி நிற்குமாயின் சொட்டும் வற்றும். மலைநாட்டிலோ வேறோர் இடரும் உண்டு. உயர் அதிர்வெண் அலைகள் மிகுந்த தரவைச் சுமக்கும்; ஆனால் மலைமுகட்டைத் தாண்டா. தாழ்ந்த அதிர்வெண்ணே நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். கிராமங்களுக்கு உகந்த 700 மெகாஹேர்ட்ஸ் பட்டையைத் தொலைக்காட்சிச் சேவையிலிருந்து விடுவிப்பதற்கு எண்ணிமத் தொலைக்காட்சிக்கு மாற வேண்டும். 2014இல் அதற்கென ஜப்பானிய முறை தெரிந்தெடுக்கப்பட்டது. பத்தாண்டு கடந்தும் அம்மாற்றம் முடிந்தபாடில்லை. இது பணம் இல்லாமையால் மட்டும் நேர்ந்த தாமதம் என நம்புவோர் எமது அலைவரிசை அரசியலை அறியாதவர்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2004ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நிதிச் சட்டம் சர்வதேசத் தொலைபேசி அழைப்புகளின்மேல் ஒரு தீர்வை விதித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளிலிருந்து பெறுவதைக் கொண்டு கிராமியத் தொலைத்தொடர்பை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அவ்வழைப்புகளை எடுத்தோர் யார்? மத்திய கிழக்கிலே வீட்டு வேலை செய்த பெண்கள். ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருந்து பெற்றோருடன் பேசிய எமது பிள்ளைகள். அவர்களுடைய கண்ணீரும் கதையும் நிமிடக் கணக்கிலே வரியாயின. அந்நிதியில் எத்துணை திரண்டது, எத்துணை திறைசேரியின் பொதுப் பையிற் கலந்தது, எத்துணை எந்தக் கிராமத்தில் எந்தக் கம்பியாக மாறிற்று என்பதை ஆண்டுவாரியாக, பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுமாறு கேட்பது அரசியல் அன்று, கணக்குக் கேட்பதே.

சந்தை தானே இதைச் செய்யும் என்னும் பொருளியல் அறிஞர் எம்மிடையே உளர். சந்தை பலவற்றைச் செய்தது என்பதை ஒப்புகின்றேன். தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த நாடு இது. போட்டி வந்த பின்னரே கூலித் தொழிலாளியின் கையிலும் தொலைபேசி வந்தது. ஆனால் சந்தைக்குத் தன் எல்லை தெரியும். அதை அறியாதவர் அதன் பூசாரிகளே. இலாபம் தரும் கடைசி வீடு வரை அது செல்லும். அதற்கடுத்த வீட்டு வாசலில் நின்றுவிடும். 2025 யூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இங்கு தொடங்கியபோது, இனிக் கோபுரமும் வேண்டா, கம்பியும் வேண்டா என மகிழ்ந்தனர். அறிமுகமானபோது அதன் வீட்டுப் பொதியின் மாதக் கட்டணம் ஏறத்தாழ 15,000 ரூபா. கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்திற் பதினொரு நாள் கொழுந்து பறித்துச் செய்மதிக்குக் கட்டிவிட்டு எஞ்சிய நாட்களில் உண்ணலாம் போலும்.

மறுபுறத்திலே இடதுசாரி நண்பர் சிலர் கேட்கின்றனர்: காணியும் முகவரியும் குடிநீரும் இல்லாதவனுக்கு இணையம் எதற்கு? கேள்வி நேர்மையானது, ஆனால் காலத்தால் பிந்தியது. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை இணையத்திலே நிரப்பச் சொன்னது யார்? 2022இல் எரிபொருளுக்கே கியூஆர் குறியீடு வேண்டும் என்றது யார்? அரசு தன் வாயிலை இணையத்துக்கு மாற்றிய பின்னர், அவ்வாயிலுக்குப் பாதையமைப்பது ஆடம்பரமாகாது. வாயிலைக் கடந்து உட்சென்றாலும் அங்கே தமிழ்ப் பக்கம் பாதியில் நின்று ஆங்கிலமாக மாறும் அவலம் தனிக் கட்டுரைக்குரியது.

இலவசக் கல்வியின் வரலாற்றை இங்கு நினைவூட்டுதல் தகும். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாடு செல்வத்திலே திளைக்கவில்லை. மத்திய பாடசாலைகள் இலாப நட்டம் பார்த்து அமைக்கப்படவில்லை. அன்றும் ஒரு பகுதி விடுபட்டது. தோட்டப் பாடசாலைகள் கம்பனிகளின் கையிலேயே கிடந்து, எழுபதுகளிலேதான் அரசின் பொறுப்பில் வந்தன. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட அப்பிந்துகையின் விலையை மலையகம் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கின்றது. கணினி எழுத்தறிவு பற்றிய அரசின் ஆய்வுகளில் நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்துக் காட்டும் நிரல்களிலே தோட்டமே கடைசியில் நிற்கின்றது. பழைய பிழையைப் புதிய கருவியால் மீண்டும் எழுதுகின்றோம். மின்சாரத்திலே இப்பிழை நேரவில்லை என்பதும் நோக்கற்பாலது. 2016 அளவில் ஏறத்தாழ நாடு முழுவதற்கும் மின்சாரம் சென்றது. இலாபம் வரும் என்றா லயத்து வாசலிலே கம்பம் நட்டார்கள்?

பிறநாடுகளிலும் வழி நேராயில்லை. பின்லாந்து 2010 யூலை முதல் ஒரு மெகாபிற் வேக இணைப்பைச் சட்டபூர்வ உரிமையாக்கியது. வேகம் சிறிது; ஆனால் உரிமை என்ற சொல் பெரிது. கேரளம் 2023 யூனில் 'கே-போன்' என்ற அரச ஒளியிழை வலையமைப்பைத் தொடக்கி, இருபது இலட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றது. எண்ணிக்கை அவ்வாக்குறுதியின் அருகிலும் செல்லவில்லை என்பதை அதன் ஆதரவாளனாகிய நானும் மறையேன். இந்திய நடுவண் அரசோ 2011இல் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழை என்று தொடங்கிக் காலக்கெடுக்களைத் தாண்டித் தாண்டி, 2023இல் மேலும் ஏறத்தாழ 1.39 இலட்சம் கோடி ரூபாவை ஒதுக்கிற்று. அமெரிக்கா 2021இல் 42 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கியும் 2024 முடியுமட்டும் அப்பணத்தால் ஒரு வீடுதானும் இணைக்கப்படவில்லை. ஆகவே பணம் மட்டும் போதாது. எவருக்கு, எந்த நாளுக்குள், எந்த வேகம் என்னும் கடப்பாடு சட்டத்தில் இருத்தல் வேண்டும்.

அலைவரிசை மக்களின் சொத்து. அதைப் பெறும் நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்திலேயே, பெயர் குறித்த பாடசாலைகளும் தோட்டப் பிரிவுகளும் வன்னிக் குடியேற்றங்களும் நிபந்தனையாக எழுதப்படல் வேண்டும். மீறினால் தண்டமும் வேண்டும். அளவீடு கோபுரத்தடியிலன்றிப் பாடசாலை மேசையிலும் லயத்து அறையிலும் மாலை எட்டு மணிக்கு எடுக்கப்படல் வேண்டும்.

ஆணைக்குழு அதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எமது சங்கத்திலே நுவரெலியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்த மாணவர் உளர். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் தாம் படித்த பாடசாலையிலும் ஏழு நாட்கள், ஒரே நேரத்திலே வேகத்தை அளந்து, இடத்தையும் நிறுவனத்தையும் குறித்து வருவாராயின், நிறம் பூசிய படத்துக்கு அருகே வைக்கத்தக்க இன்னொரு படம் எம்மிடம் இருக்கும். அதற்கென அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கித் தருமாறு இதழாசிரியரைக் கேட்டுள்ளேன்.