முதுகில் ஊசி என்றதும் பயப்படும் பெற்றோருக்கு



ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றரை வயது மகனுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போடுவோம் என்று மயக்க மருந்து நிபுணர் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, "முதுகில் ஊசி போட்டால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விடும்" என்று தடுக்கிறார்கள். சகோதரி தவித்துப் போயிருக்கிறார். குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் நம் வீடுகளில் இதே பயம் உண்டு என்பதால், இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் இடுப்பின் முதல் எலும்போடு முடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு அது மூன்றாம் எலும்பு வரை இறங்கியிருக்கும். மருந்து சேர வேண்டிய இடைவெளியும் தோலுக்கு மிக அருகில் இருக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பது மருத்துவர்களின் கணக்கு. பத்து கிலோ பிள்ளைக்கு ஒரு சென்டிமீட்டர்தான்!

அந்த இடத்தை மருத்துவர்கள் நெடுங்காலம் விரல் உணர்வால்தான் கண்டுபிடித்தார்கள். உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சை மெல்ல அழுத்தியபடி ஊசியைச் செலுத்துவார்கள். தசைநாரைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விட்டுவிடும். ஆயர் ஈத்தாம் குயவர் சட்டியின் கனத்தை விரலாலேயே அறிவதைப் போன்ற கைப்பழக்கம் அது. இன்றும் அதற்கு மதிப்பு குறையவில்லை. இப்போது அதனுடன் கண்ணும் சேர்ந்திருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கதிர்வீச்சு கிடையாது. சிறிய கருவியை முதுகில் வைத்தால் தண்டுவடம், அதைச் சுற்றிய உறை, மருந்து போகும் இடம் எல்லாம் திரையில் தெரிகின்றன. கைக்குழந்தைகளின் முதுகெலும்பு இன்னும் முழுதாக இறுகாமல் பெரிதும் குருத்தெலும்பாக இருப்பதால் ஒலி அலைகள் எளிதாக உள்ளே போகும். அதனால் படம் மிகத் தெளிவாக விழுவது மிகச் சிறிய பிள்ளைகளுக்குத்தான். அதிக நுணுக்கம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தானே! வளர வளர எலும்பு இறுகிப் படம் மங்கும். அப்போது கை அனுபவமே பெரிதும் துணை.

2006இல் வியன்னா மருத்துவர்கள் 64 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பழைய முறையில் 71 விழுக்காட்டினருக்கு ஊசி எலும்பில் இடித்தது. ஸ்கேன் பார்த்துப் போட்டபோது அது 17 விழுக்காடாகக் குறைந்தது. இன்னொரு செய்தி: அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து, பிள்ளைகளுக்குப் போடப்பட்ட இதுபோன்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரப்பு ஊசிகளின் விவரங்களை 2018இல் வெளியிட்டன. சிலருக்குத் தற்காலிக உணர்வுக் குறைவு இருந்தது; நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒருவருக்கும் பதிவாகவில்லை. பெரும்பாலும் பிள்ளை தூங்கிய பிறகுதான் ஊசி போடுகிறார்கள் என்பதையும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, குழந்தை நாலு நாள் அழுதுவிட்டு மறந்துவிடும் என்பாரும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிமருந்து கொடுத்தால் உடல் படும் அதிர்ச்சியும் பின்விளைவுகளும் குறைவதைக் காட்டினார். வலியில்லாத பிள்ளை நன்றாக மூச்சு இழுக்கும், சீக்கிரம் பால் குடிக்கும். நம் மலேசியச் சுகாதார அமைச்சும் 2008 முதல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்கச் சொல்கிறது.

சகோதரி, ஒப்புதல் கையெழுத்துக்கு முன் மயக்க மருந்து நிபுணரைச் சந்தியுங்கள். ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா, என் பிள்ளையின் வயதுக்கு அது உதவுமா, இதற்கு முன் எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளைக்கு இரத்தம் உறையாத கோளாறு, முதுகில் புண், பிறவியிலேயே முதுகெலும்பின் அடியில் குழி அல்லது மயிர்த்திட்டு, காய்ச்சல், மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தடுக்கும் பெரியவர்களையும் அந்தச் சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் சந்தேகத்துக்கும் அங்கேயே பதில் கேட்டு வாங்குங்கள்.