அந்த ஜன்னலோரம்

பாலசமுத்திரம் கடைவீதியில் மாலையில் கூடினால் ஒரே பேச்சு: எந்தத் தலைவர் பின்னால் எத்தனை கார், எத்தனை காவலர். அதுவா வீரம்?

1946 பிப்ரவரியில் நம் பழனிக்கு வந்து போனவர் காந்தியடிகள். மறு ஆண்டு ஆகஸ்ட் 13-ல், 77 வயதில், கல்கத்தா பேலியகட்டாவில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான ஹைதரி மன்ஸிலில் சுஹ்ரவர்தியோடு குடியேறினார். 1946 ஆகஸ்ட் படுகொலையின்போது வங்கத்தை ஆண்டவர் இந்த சுஹ்ரவர்திதான். அதற்கு நீர்தானே பொறுப்பு என்று வாசலில் கொதித்து நின்ற கூட்டம் கேட்டது. எல்லோருமே பொறுப்பு என்று மழுப்பிப் பார்த்தார், விடவில்லை. ஆம், என் பொறுப்புதான் என்று ஒப்புக்கொண்டார். கூட்டம் அடங்கியது. கல்லடிக்கு நெஞ்சைக் காட்டுவதைவிட இது கடினம் என்பேன். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது வரும்?

ஆகஸ்ட் 31 இரவு கும்பல் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. ஜன்னல்கள் நொறுங்கின. வீசிய தடி காந்தியின் தலைக்குத் தப்பியது. அவரோ ஊரை விட்டுப் போகவில்லை. மறுநாளே உண்ணாவிரதம் தொடங்கினார். 73 மணி நேரம்! கலவரக்காரர்களே ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள்.