கைநாட்டும் கடைசிச் சொல்லும்

கோவணத்தைத் தவிர வேறு உடைமை இல்லாத ஒருவர் திருவண்ணாமலையில் உயில் எழுதி வைத்தார். அவர் ரமண மகரிஷி. ஆசிரம நிர்வாகம் பற்றிய தகராறு கோர்ட்டு வரை போன பிறகு, தமக்குப் பின் அதை யார் நடத்துவது என்று 1938-ல் எழுதி வைத்தார். 1949-ல் கையில் புற்றுக் கட்டி கண்டபோது, கையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். அவருடைய தத்துவம் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். சொத்திலும் சரி, சரீரத்திலும் சரி, அவர் சொன்னது நடந்தது. சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ள பக்தர்களும் வக்கீல்களும் டாக்டர்களும் சுற்றி நின்றார்கள்.

அதே மலையடியில் வாழும் விவசாயக் கூலியின், பூக்கட்டும் கிழவியின், கிரிவலப் பாதையோரம் படுத்துறங்கும் சாதுவின் கடைசிச் சொல்லுக்கு என்ன கதி?

முதலில் பவர் பத்திரத்தைப் பார்ப்போம். "வயதாகிவிட்டது, மகன் பெயருக்கு ஒரு பவர் எழுதிவிட்டால் பிற்காலத்துக்கு ஆகும்" என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஆகாது! 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் புத்தி சுவாதீனம் இழந்தாலும் அந்த அதிகாரம் அன்றோடு செத்தது. அதாவது, எந்த நாளுக்காக எழுதினாரோ அந்த நாளில் அது உதவாது. நினைவிழந்து கிடக்கும் தகப்பனின் பாங்குக் கணக்கிலிருந்து பணம் எடுக்க, பிள்ளைகள் ஹைகோர்ட் படியேற வேண்டியிருக்கிறது.

ஆனால் அடுத்த பிரிவான 202-ஐப் படியுங்கள். அதிகாரம் பெற்றவனுக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருந்தால், அவனுக்குக் கேடாக அதிகாரத்தை ரத்துச் செய்ய முடியாதாம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: நிலத்தை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவனுக்கே எழுதிக் கொடுத்த அதிகாரம், எழுதியவன் பைத்தியமானாலும் செத்தாலும் போகாது! மகனுக்கு அன்பினால் எழுதியது சாகும். கடன்காரனுக்கு நெருக்கடியில் எழுதியது சாகாது. யாருடைய தேவைக்காக இந்தச் சட்டம் செய்யப்பட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மலையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இன்று வந்திருக்கும் விலை ஊரறிந்தது. வெறும் பவர் பத்திரத்தால் நிலம் கைமாறிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கைநாட்டு வைத்த கிழவிக்கு அதை யார் படித்துக் காட்டினார்கள்? உயிலைச் சாகும்வரை மாற்றி எழுதலாம், ஸ்டாம்பு வரி கிடையாது, ரிஜிஸ்தர் செய்வதும் கட்டாயமல்ல என்பதைத்தான் யார் சொன்னார்கள்? அவசரப்பட்டு தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்காக 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலே ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்யலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதுதான் பத்திரம்.

இனி உடம்பைப் பற்றி. மீள வழியில்லாத நோயில் குழாயும் இயந்திரமும் வைத்து மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று நினைவிருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட் மேலொப்பம் இட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அந்த வாசலை எத்தனை பேர் மிதிப்பார்கள்? 2023 ஜனவரியில் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், ஒரு நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியும் போதும். தனக்காகப் பேச யாரை நம்புகிறோம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் குறிப்பிடலாம். நினைத்தால் ரத்துச் செய்யலாம். எழுதியது இருந்தாலும், இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்துச் சொன்ன பிறகே சிகிச்சை நிறுத்தப்படும்.

நல்ல தீர்ப்புதான். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, கேட்டால் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவனுக்குத்தானே உரிமை? தனியார் ஆஸ்பத்திரியில் காசு தீர்ந்ததும் "வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று அனுப்பப்படுகிறவன் எந்த உயிலும் எழுதியவனல்ல. அவனுக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும்; பிழைக்க வழியில்லையென்றால் வலியில்லாமலாவது இருக்க மருந்து வேண்டும். வீடு தேடி வந்து நோவு தணிக்கும் சிகிச்சை, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த ஊழியர்களே இந்தக் காகிதத்தைப் பற்றியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லலாமே!

சாதுக்களின் சங்கதி இன்னும் கடினம். உறவை விட்டு வந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட யார்? நம்பிக்கையான ஒரு கூட்டாளியின் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்க, வேறு எவரையும்விட அவனுக்கே அவசியம் அதிகம்.

இந்தப் பத்திரங்களின் பிரதியை வாங்கிப் பாதுகாக்க, உள்ளாட்சி அமைப்பில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே கூறுகிறது. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. வாசகர்களே, வரி கட்டப் போகும்போது அந்தப் பொறுப்பாளர் யார், எந்த அறையில் உட்காருகிறார் என்று கேளுங்கள். அவர் பெயரைத் தமிழில் நோட்டீஸ் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே மையை நீட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து வற்புறுத்துங்கள்.