டிவிடி உங்களுடையது, கேம் யாருடையது? பழைய கேம்கள் புது லேப்டாப்பில் ஓடாதது ஏன்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் ஒரு டிவிடி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2005-ல் வெளியான 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்'. நல்ல மார்க் எடுத்ததற்காக அப்பா வாங்கிக் கொடுத்த ஒரிஜினல். அதைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூரு நீலசந்திராவில் இருக்கும் உங்கள் ரூமுக்கு வந்துவிட்டீர்கள். லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை. எஸ்.பி. ரோடு போய் யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்றும் வாங்கி வந்தாச்சு. இன்ஸ்டாலும் ஆகிவிட்டது. ஐகானை டபுள் கிளிக் செய்தால், ஒன்றும் நடக்கவில்லை.

ரூம்மேட் சிரிக்கிறார். "இதுக்கா இவ்வளவு அலைஞ்ச? கிராக் பண்ணதை டவுன்லோட் பண்ணு மச்சி, சூப்பரா ஓடும்."

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிவிடி ஓடாது. திருட்டு நகல் ஓடும். இந்த விநோதம் எப்படி வந்தது? நீங்கள் என்ன செய்யலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

கோளாறு எங்கே?

பழைய கேம்கள் அடம்பிடிக்க முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மொழி மாறிவிட்டது. ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் ஆடிய 'டேஞ்சரஸ் டேவ்' போன்ற டாஸ் கேம்கள் 16 பிட் காலத்தவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. 32 பிட் விண்டோஸில் அதற்கு ஒரு வழி இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அப்படி ஒரு பதிப்போடு வந்த கடைசி விண்டோஸ், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது.

இரண்டாவது, வேகம். சில பழைய கேம்கள் அன்றைய பிராசசரின் வேகத்தை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டன. இன்றைய பிராசசரில் போட்டால், நீங்கள் கீயைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் டிவிடியின் பிரச்னை: பூட்டு. 2000-களில் வந்த பல கேம்களில் 'சேஃப்டிஸ்க்' என்ற பாதுகாப்பு இருந்தது. டிரைவில் இருப்பது ஒரிஜினல் டிஸ்க்தானா என்று பார்த்த பிறகே கேம் திறக்கும். அந்தச் சோதனைக்கு விண்டோஸின் அடிமட்டம் வரை கைவைக்கும் ஒரு டிரைவர் ஃபைல் தேவைப்பட்டது. ஹேக்கர்கள் நுழைய அது வழியாகிவிடும் என்பதால் 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் பழைய விண்டோஸ்களிலும் முடக்கியது. பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவுதான். ஆனால், பூட்டைத் திறக்கும் வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பூட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். திருட்டு நகலில் பூட்டே இல்லை. அதனால்தான் அது ஓடுகிறது.

சரி, ஓட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், அதுவும் இலவசமாக. டாஸ் கேம்களுக்கு 'டாஸ்பாக்ஸ்' இருக்கிறது. உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் மென்பொருள் அது. வேகத்தையும் குறைத்து வைக்கலாம். கதை சொல்லும் பழைய அட்வென்ச்சர் கேம்களுக்கு 'ஸ்கம்விஎம்'. பழைய டைரக்ட்எக்ஸில் எழுதப்பட்ட கிராஃபிக்ஸைப் புதிய கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தருவது 'டிஜிவூடூ'. லினக்ஸில் 'வைன்', 'புரோட்டான்' இரண்டும் பல விண்டோஸ் கேம்களை ஓட்டும்.

சேஃப்டிஸ்க்குக்கும் வழி வந்திருக்கிறது. 'சேஃப்டிஸ்க்ஷிம்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், காணாமல்போன டிரைவர் ஃபைலின் வேலையைத் தானே செய்கிறது. பூட்டை உடைப்பதில்லை, டிவிடி டிரைவில் இருந்தால்தான் கேம் திறக்கும். எல்லா சேஃப்டிஸ்க் கேமிலும் வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை.

ஆக, தொழில்நுட்பச் சிக்கலை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஓரளவு தீர்த்துவிட்டார்கள். மீதி இருப்பது சட்டமும் வியாபாரமும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பலர் நினைப்பதைவிடச் சாதகமாகவே இருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, சட்டப்படி ஒரு நகலை வைத்திருப்பவர், எந்த நோக்கத்துக்காக அந்த மென்பொருள் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்காக, அந்த நகலில் இருந்து காப்பி எடுக்கலாம், அதை மாற்றியும் அமைக்கலாம். பேக்கப்பும் எடுக்கலாம்.

2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே அது குற்றம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காக வேறொருவர் உங்களுக்குப் பூட்டைத் திறக்க உதவினால், உங்கள் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் அவர் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொடுக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய சொல், "அந்த நகலில் இருந்து". ரூம்மேட் சொன்ன டவுன்லோட் உங்கள் டிவிடியில் இருந்து எடுத்தது இல்லை. "என்கிட்ட ஒரிஜினல் இருக்கே" என்ற வாதம் அங்கே நிற்பது கடினம். திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால், 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள் சிறை, 50,000 ரூபாய் அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம்.

மறுபடி காசு கொடுத்து வாங்கிக்கலாமே?

கடையில் இருந்தால்தானே! 2005 'மோஸ்ட் வான்டட்' ஸ்டீமில் விற்பனைக்கு இல்லை. தேடினால் வருவது அதே பெயரில் 2012-ல் வந்த வேறு கேம். இதுபோன்ற கேம்களில் வரும் கார் பிராண்டுகள், பாடல்கள் எல்லாம் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்தவை. ஒப்பந்தம் முடிந்தால், மறுபடி விற்க எல்லோரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் கணக்கிட்டது.

புதிய கேம்களின் நிலை இன்னும் மோசம். டிவிடியாவது கையில் இருக்கிறது. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கேமுக்கு, தனியாக ஆடினாலும் சர்வர் தேவை. 2024 மார்ச் இறுதியில் சர்வரை அணைத்ததும், காசு கொடுத்தவர்களிடமும் அது இல்லாமல் போனது. அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று எழுதினால், அது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

நீலசந்திரா இருக்கும் இதே பெங்களூருவில் 1997-ல் தொடங்கியது 'துருவா இன்டராக்டிவ்', நாட்டின் முதல் கேம் கம்பெனிகளில் ஒன்று. 2019-ல் 'வைஸ் சிட்டி'யைத் தந்த ராக்ஸ்டார் அதை வாங்கியது. மும்பையில் மொபைல் கேம்கள் செய்த 'இந்தியாகேம்ஸ்' டிஸ்னியின் கைக்குப் போனது. கம்பெனி கைமாறும்போது பழைய கேம்களைப் பத்திரப்படுத்தும் கடமை யாருக்கும் இல்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகமும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சட்டத்தில் மென்பொருளுக்கு இடமில்லை. நம்மவர்கள் எழுதி, நோக்கியா போனில் நாம் ஆடிய கிரிக்கெட் கேம்களுக்கு ஒரு கன்னிமாரா இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

டிவிடி நாளாக நாளாகக் கெட்டுப்போகும். இந்த வார இறுதியிலேயே அதை ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சேஃப்டிஸ்க் இருப்பதால் அந்த ஃபைலை மட்டும் வைத்து ஆட முடியாமல் போகலாம், அதனால் டிவிடியையும் பெட்டியையும் சீரியல் எண்ணையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கு அவையே சாட்சி. இனி வாங்கும்போது, இன்ஸ்டாலரையே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ள அனுமதிக்கும் 'ஜிஓஜி' போன்ற கடைகளில் அந்த கேம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் கொடுப்பது விலை இல்லை, வாடகை என்று தெரிந்தே கொடுங்கள்.